ஸ்டாண்டு எடுத்த வண்டி

வண்டி சாய்வதைப் பார்த்ததும் மருந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். பைக்கின் பெட்ரோல் டேங்க் வந்து நெஞ்சில் இடித்தது. மேலே உட்கார்ந்திருந்த புருஷன் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

"ஸ்டாண்டை யாரு எடுத்தது?"

"நான்தான்."

மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் இப்படி. கழிப்பறைக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டிய மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்கு வந்து, ஏறி உட்கார்ந்து, வண்டியை நிமிர்த்தியும் விட்டிருக்கிறார். எந்தத் தெம்பில் என்று கேட்க நேரமில்லை. ஸ்டாண்டு இடது பக்கம், அவள் நிற்பது வலது பக்கம். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் வண்டி இந்தப் பக்கம் விழும், அவர் அடியில் போவார். இறங்கச் சொன்னாள். காலைத் தூக்க வரவில்லை என்றார்.

ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றப் போன கொழுந்தன் வந்துவிடுவான், அதுவரை ஆடாமல் இருங்கள் என்றாள். யாராவது வாங்களேன் என்று கத்தியும் பார்த்தாள். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதுகில் ஏறியதெல்லாம் இறங்கிவிட்டது, நெஞ்சில் ஏறிய தூசு மட்டும் இறங்கவில்லை. இந்தப் பெரிய வண்டியை அவர் வாங்கி வந்த நாளிலிருந்து அவள் அதை எருமை என்றுதான் சொல்வாள். கிடங்கில் மூட்டை, வீட்டுக்கு வந்தால் எருமை, கனத்தைத் தவிர உங்களுக்கு வேறு ஆசையே கிடையாதா என்று கேட்பாள். சிரிப்பாரே தவிர பதில் சொல்ல மாட்டார். லீவு நாளில் தனியாக நெடுஞ்சாலைக்குப் போய்விட்டு வருவார். திரும்பும்போது முதுகு நிமிர்ந்திருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சலாக வரும். பின் சீட்டில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை.

கால் வழுக்கியது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை ஊன்றினாள்.

"கனமா இருக்கா?" என்றார்.

"பேசாதீங்க. மூச்சை வீணாக்காதீங்க."

"நின்னாத்தான் இந்தக் கனம். கிளம்பிட்டா ஒண்ணுமே இருக்காது." கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டார். "காலத்துக்கும் நான்தான் தூக்குனேன். என்னைத் தூக்கிட்டுப் போனது இது ஒண்ணுதான்."

"அப்ப நானு? இத்தனை நாளா உங்களைத் தூக்கி உக்கார வச்சது யாராம்?"

"நீ திட்டிக்கிட்டே தூக்குவே. இது திட்டாது."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, பிறகு நின்றது. முன்னால் சரிந்து அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். அசதி, கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டும் என்று அவள் அசையாமல் நின்றாள். கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்த மூச்சு இப்போது படவில்லை.

"ஏங்க" என்றாள்.

வண்டி திடீரென்று கனத்தது. இவ்வளவு நேரம் அவரும் தம் பங்குக்குத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இனி விழுந்தாலும் அவருக்கு வலிக்கப்போவதில்லை. அவள் முழங்காலை எஞ்சினுக்கு முட்டுக்கொடுத்தாள். பல்லைக் கடித்தாள். விடவில்லை.

கொழுந்தன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவன் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி, அண்ணன் ஏன் இதுல..."

"முதல்ல ஸ்டாண்டைப் போடு, தம்பி."

அவன் அந்தப் பக்கம் போய், காலால் ஸ்டாண்டைத் தள்ளி, வண்டியைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்தான். பிறகு அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டான். போய்ப் பட்டறைக்காரர்களை அழைத்து வந்தான். ஹேண்டில்பாரிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"வண்டி நிக்குது அண்ணி, விடுங்க" என்றான்.

அவள் தோளை எடுக்கவில்லை. அவர்கள் அவரைத் தூக்கினார்கள். வண்டியின் ஸ்பிரிங் மெல்ல ஒரு விரற்கடை மேலே எழுந்து நின்றதை அவள் தோள் உணர்ந்தது.