உப்புத் தண்ணீரில் நார்த்தங்காய்த் தோல்

அமலராணி அத்தை பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அஸ்தினாபுரத்து வீட்டில் நார்த்தங்காய்த் தோல் ஊறப்போட ஆரம்பித்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவருடைய அண்ணன் மகன் ஜாய்சன் சிரிக்கவில்லை. பம்மலில் ஏற்றுமதி இறக்குமதிக்குச் சுங்க வேலை பார்க்கும் ஆபீஸில் இருந்தான். தோலை வாங்க வெளிநாட்டு மிட்டாய்க்காரர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தவனே அவன்தான்.

சுங்க அட்டவணையில் எந்தச் சரக்கு எந்தத் தலைப்பில் வரும் என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெறும் உப்புத் தண்ணீரில் கிடக்கும் தோல், அப்படியே தின்ன முடியாதது என்றால் ஒரு தலைப்பு. சர்க்கரை சேர்ந்து தின்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டால் வேறு தலைப்பு, வேறு உரிமம். அத்தையின் சரக்கை முதல் தலைப்பில் பதிந்தான்.

தோல் அடைத்த டிரம்களை மூடும் முன் பார்க்கப் போனான். அத்தை ஒரு துண்டை நீட்டினார். வாயில் போட்டுக்கொண்டு சூப்பரா இருக்கு என்றான். அது ருசிக்கவே கூடாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. வீட்டுப் பலகாரம்போலத் தின்றுவிட்டு வந்துவிட்டான்.

துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரை இருந்தது. சரக்கு நின்றது. இருவருக்கும் விசாரணைக்கு அழைப்பு வந்தது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று போகும் ரயிலில் கேட்டான். வாயில் வைக்க முடியாததை அடுத்தவருக்கு அனுப்ப மனசு வரவில்லை, கடைசியில் கொஞ்சம் பாகு விட்டேன் என்றார்.

"தப்பாடா?"

ஜாய்சன் எழுந்து கதவருகே போனான்.

சரக்கை நேரில் பார்த்தாயா என்று அதிகாரி அவனைக் கேட்டார். பார்த்தேன் என்றால் தெரிந்தே பொய் பதிந்தவன் ஆவான். சுங்க வேலைக்கான பாஸ் போகும், ஆபீஸ் வேலையும் போகும். பார்க்கவில்லை என்றால் மறைத்தது அத்தை என்றாகும். அவருடைய ஏற்றுமதிப் பதிவை முடக்குவார்கள்.

"இல்ல சார். அவங்க சொன்னத வெச்சுதான் போட்டேன்."

அத்தை அவன் பக்கம் திரும்பவில்லை.

"அவனுக்குத் தெரியாது சார். நான்தான் சொல்லல."

திரும்பும்போது அத்தை பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். குரோம்பேட்டையில் இறங்கிக் கூட்டத்தோடு படியேறிப் போனார். ஜாய்சன் பிளாட்பாரத்திலேயே நின்றான். கூப்பிட்டால் நிற்பார். அதனால்தான் கூப்பிடவில்லை.