கை நடுக்கம்

விடிவதற்கு முன்பே ராயப்பனின் சம்மட்டி பாறையில் விழத் தொடங்கியிருந்தது. காவேரிப்பட்டினம் சாலையோரக் கல்குவாரி அது. எதிரே குந்தி, இரும்பு உளியை இரு கைகளாலும் பிடித்திருந்தான் கங்கப்பன். அடிக்கு அடி கல்தூள் கண்ணில் தெறித்தது.

எட்டு மணிக்குக் களி தின்ன விடும் வழக்கத்தை முதலாளி நாராயணப்பன் போன மாதம் நிறுத்திவிட்டார். நண்பகல் வரை வயிறு காய வேண்டும். ராயப்பன் வீட்டில் ராகி தீர்ந்து, முந்தின நாளும் அடுப்பு எரியவில்லை.

ஒன்பது மணிக்கு அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. விரல்கள் நடுங்கின.

"அண்ணா, கை நிக்கல" என்றான் கங்கப்பனிடம்.

"நிறுத்தாதடா!" மேஸ்திரியின் தடி அவன் முதுகில் விழுந்தது.

சம்மட்டியை ஓங்கினான். கண் இருண்டது. உளியைத் தவறவிட்ட சம்மட்டி கங்கப்பனின் வலக்கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது ஜல்லி உடைத்த பெண்களுக்கும் கேட்டது.

ஜீப்பில் வந்திறங்கிய நாராயணப்பன், சுருண்டு கிடந்த ராயப்பனை வாயிலேயே உதைத்தார். ரத்தம் வழிந்தது.

"இங்க மதுவிலக்குன்னு மைசூர் எல்லையில போய்ச் சாராயம் குடிச்சியாடா?"

"பசிங்க… குடிக்கலீங்க."

"பசிச்சா கை நடுங்குமா?" கங்கப்பனிடம் குனிந்தார். "இவன் குடிச்சிட்டு அடிச்சான்னு போலீசுல சொல்லு. ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பறேன்."

கங்கப்பன் பல்லைக் கடித்தான். "உளியெப் புடிச்ச என் கையுந்தான் நடுங்குச்சு. எந்தக் கை தவறுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

மேஸ்திரி அவன்மேலும் தடியை ஓங்கினான். கங்கப்பனின் மனைவி நஞ்சம்மா பாய்ந்து அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"எங்க வாயெ மோந்து பாரு முதலாளி! சாராயமா பசியான்னு தெரியும்!"

அவள் கைகளை நீட்டினாள். நடுங்கின. குவாரியில் இருந்த முப்பது பேரும் சம்மட்டிகளைப் போட்டுவிட்டுக் கைகளை நீட்டினார்கள். ஒரு கையும் நிலையாக நிற்கவில்லை.

"களி நேரத்தக் குடு. அதுவரைக்கும் ஒரு கல்லும் ஒடையாது" என்றான் ராயப்பன், ரத்தத்தைத் துப்பி.

"ஆளுங்களோட வரேன். ஒருத்தனும் முழுசா வீடு போகமாட்டான்!" ஜீப் கங்கப்பனை ஏற்றாமலே பறந்தது.

கொட்டகைக் கதவைப் பெயர்த்து, நான்கு பேர் கங்கப்பனை அதில் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சாலைக்குச் சுமந்தார்கள். கூடப் புறப்பட்ட நஞ்சம்மா திரும்பி வந்தாள். மதியத்துக்கு வைத்திருந்த களியைப் பிட்டு, தன் புருஷனின் கையை நொறுக்கியவனின் வாயில் ஊட்டினாள்.

"தின்னு தம்பி. எல்லாரும் லாரிப் பாதையில உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது." அவள் புருஷனின் பின்னால் ஓடினாள்.

ராயப்பன் அழுதுகொண்டே விழுங்கினான்.

லாரிப் பாதையின் குறுக்கே மற்ற எல்லோரும் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் திருப்பத்தில் புழுதி கிளம்பியது. ஒன்றல்ல, மூன்று வண்டிகள்.

ஒருவரும் எழவில்லை.