கராஜில் கண் திறந்த குதிரை

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வான்மதி அட்டைப்பெட்டியால் செய்த ஐயனார் குதிரை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கராஜை விட்டு இறங்கி நடந்து போனது. டெலிவரிக்கு வந்த பெட்டிகள், கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகை, புருஷன் ஜெயபிரகாஷ் தூக்கிப்போட வைத்திருந்த கீபோர்டு, பழைய நம்பர் பிளேட்டு, எல்லாம் ஒட்டிச் செய்தது. டாலஸில் ஒரு கேலரி கண்காட்சிக்குக் கேட்டிருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து விசா அவளை வேலைக்குப் போக விடவில்லை. இந்த நாட்டில் தன் பெயர் ஒரு இடத்திலாவது எழுதியிருக்க வேண்டும் என்று அந்தக் கேலரிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தாள்.

தப்பு அவளுடையதுதான். குதிரையை ஊர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்திய பிறகே கண் திறக்க வேண்டும் என்பது சிவகங்கைப் பக்கம் அவள் ஊர் வழக்கம். கேலரி லாரி வந்துவிடுமே என்ற அவசரத்தில் கராஜிலேயே கண்ணை எழுதிவிட்டாள். குதிரையும் பார்த்த இடத்தையே ஊராக எடுத்துக்கொண்டது. பாவம், அதற்கென்ன தெரியும்? தினமும் காலையில் அவர்கள் குடியிருக்கும் பீக்கன் க்ரீக் சப்டிவிஷனை ஒரு சுற்று வரும். ஸ்டாப் சைனில் நிற்கும், ஸ்கூல் பஸ்ஸுக்கு வழிவிடும், ஸ்பிரிங்க்ளரைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப் போகும். அட்டையாயிற்றே.

லாரியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஹைவேக்கு முன்னால் சப்டிவிஷன் முடிகிற திருப்பத்தில் குதிரை தேர் மாதிரி கனத்து, லாரி நகரவே இல்லை. கேலரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். "போயும் போயும் இதையா ஊருன்னு நெனச்சுது," என்று வான்மதி கராஜில் உட்கார்ந்து அழுதாள். இங்கேயே பிறந்த மகள் பிரீத்தி, "இட் லிவ்ஸ் ஹியர், மா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

குடியிருப்புச் சங்கம் குதிரையை அப்புறப்படுத்தச் சொல்லி நச்சரித்தது. அதற்குள் மே மாதம் எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டி விழுந்தது. சுற்றிலும் கூரைகளும் கார்க் கண்ணாடிகளும் நொறுங்க, குதிரை சுற்றும் வட்டத்துக்குள் ஒரு கட்டிகூட விழவில்லை. மறுநாள் சங்கத் தலைவரே கேரட் கொண்டுவந்து வைத்தார். ஐயனார் குதிரைக்குக் கேரட்டா என்று வான்மதி கேட்கவில்லை. லாரி நின்ற திருப்பத்தில் குதிரைப் படம் போட்ட மஞ்சள் போர்டு நட்டார்கள். அடியில், செய்தவர் வான்மதி என்று இருந்தது.

அந்த வாரம் அனுமார் கோயிலில் ஒரு அங்கிள், "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். எப்போதும் சிவகங்கை என்பவள், "பீக்கன் க்ரீக்," என்றாள்.

"ஓ, அந்தக் குதிரை இருக்கிற ஊரா?"

"ஆமா அங்கிள். எங்க குதிரைதான்," என்று சொல்லிவிட்டு வான்மதி பிரசாத வரிசையில் நகர்ந்தாள்.