கண்ணாடி வேர்க்கும் கார்

பெரகல சந்திக்கு மேலே, இரண்டாவது வளைவில், மயூரி அப்பாவின் காரை ரோட்டோர வடிகானுக்குள் இறக்கிவிட்டாள். பெரிய சேதம் இல்லை. ஒரு சக்கரம் இறங்கியது, பம்பரில் ஒரு கீறல். பின்னால் வந்த லொறிக்காரர்கள் இறங்கித் தூக்கிவிட்டார்கள். அன்று வெளியே மூடுபனி அவ்வளவாக இல்லை. முன்கண்ணாடியின் உட்புறம்தான் பால் தடவியதுபோல மூடிக்கொண்டது. துடைக்கக் கையை நீட்டிய நேரம் வளைவு வந்துவிட்டது.

அப்பா சிதம்பரநாதன் அந்த மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பைக்குள் போகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சத்தம் போடவில்லை. கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ பயத்தில மூச்சு வாங்கிறாய் பிள்ளை. அதுதான் கண்ணாடி வேர்க்குது. நான் கார் ஓடேக்கை ஒண்டும் இல்லையே."

அவர் கார் ஓட்டும்போது பக்கக் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தானே பக்கத்தில் இருந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்றும் கண்ணாடி மூடினால் சாவி அலுமாரிக்குள் போகும், அவள் பஸ்ஸில் போகலாம்.

பஸ் என்றால் வேலைக்கே ஆபத்து. பண்டாரவளைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க அவளுக்கு நியமனம் கிடைத்து இன்னும் ஒரு தவணை முடியவில்லை. கீழேயிருந்து வரும் பஸ்கள் பெரகலவுக்கு வரும்போதே படியில் ஆட்கள் தொங்குவார்கள். பாதி நாட்கள் நிற்காமலே போகும். பிந்திப் போனதற்காக அதிபர் ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசியிருந்தார். கார் கிடைத்த பிறகுதான் அவள் மணியடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாள்.

தொழிற்சாலை லொறி ஓட்டும் ஜெஸ்டினிடம் கேட்டாள். புகையிலையை நனைத்துத் தேய்த்தால் கண்ணாடி மூடாது என்றான். தேய்த்தாள். கண்ணாடி மஞ்சளாகியது, அதன் மேலேயே மூடியது.

"புகையிலை போட்டும் கேக்கலன்னா இனி வெத்தல பாக்குதான் குடுக்கணும் மிஸ்," என்றான் ஜெஸ்டின்.

மயூரி காருக்குள் தனியாக உட்கார்ந்து யோசித்தாள். மூச்சில் ஈரம் இருக்கிறது. கண்ணாடி குளிராக இருக்கிறது. ஈரம் படியத்தான் செய்யும். அதை உலர்த்தத்தான் முன்னால் காற்று வரும் துவாரங்கள் இருக்கின்றன. விசிறியை முழு வேகத்தில் வைத்து உள்ளங்கையைப் பிடித்தாள். சத்தம் இருந்தது, காற்று இல்லை.

காரோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. படங்கள் இருந்தன. படத்தில் காட்டியபடி முன்சீட்டுக்கு எதிரே இருந்த இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினாள். அதற்குப் பின்னால் ஒரு சிறு தட்டு. இழுத்ததும் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் காகித மடிப்பு வெளியே வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது. கம்பளித் துணிபோலக் கபில நிறத்தில் ஏதோ அதன் மேல் படிந்து, நனைந்து கனத்திருந்தது.

ஜெஸ்டின் எட்டிப் பார்த்தான். "இது காரா, தூள் சாக்கா?"

தேயிலைப் பஞ்சு. தூள் சலிக்கும்போது பறக்கிற நார். மயூரி நிமிர்ந்து பார்த்தாள். கார் நின்றது சலிக்கும் அறைச் சுவரோரம், தகரத் தாழ்வாரத்தின் கீழ். தலைக்கு மேலே சுவரில் பெரிய விசிறி அறையின் தூசியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அது டீமேக்கரின் இடம். வேறு யாரும் அங்கே சைக்கிள்கூட விடமாட்டார்கள். ஊரே மழையில் ஊறினாலும் அங்கே சூடான உலர்ந்த காற்று வரும், காருக்கு நல்லது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பண்டாரவளையில் ஜௌபரின் உதிரிப்பாகக் கடையில் புது வடிகட்டி கிடைத்தது. ஓரத்தில் இருந்த அம்புக்குறி கீழே பார்க்கும்படி வைத்துப் பொருத்தினாள். பழையதை ஒரு பையில் கட்டிப் பின்சீட்டில் போட்டாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையும் பனியும் சேர்ந்தே வந்தன. எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டு பெரகலவிலிருந்து அப்புத்தளைப் பக்கம் ஏறினார்கள். அன்று கார் வடிகானுக்குள் இறங்கிய வளைவுக்குக் கிட்ட வந்ததும் அப்பா முன்னால் குனிந்து கண்ணாடியில் வேண்டுமென்றே ஊதினார். உள்ளங்கை அளவுக்கு வெள்ளை படிந்தது. மயூரி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துவாரத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெள்ளை ஓரத்திலிருந்து சுருங்கி இல்லாமல் போனது. அவர் இன்னொரு முறை ஊதினார். அதுவும் போனது.

அப்புத்தளையில் நிறுத்தினாள். என்ன செய்தாய் என்று கேட்டார். பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். தூளை மணப்பதுபோலவே மணந்தார்.

"எங்கட பஞ்சு," என்றார். "கண்டவுடனை ஏன் சொல்லேல்லை?"

"அது உங்கட இடமெல்லே அப்பா."

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து சேரும்வரை கீழே வைக்கவில்லை.

திங்கள் காலை மயூரி சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தின் கீழ் கார் இல்லை. ஜெஸ்டினின் சைக்கிள் நின்றது. அதன் சீட்டில் மெல்லிய கபிலத் தூசு. கார் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"ஐயா வேலைய விட்டுட்டாரான்னு எல்லாரும் கேக்குறாங்க மிஸ்," என்றான் ஜெஸ்டின்.

அப்பா குடையோடு காரருகே நின்றார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. சாவியை அவள் கையில் வைத்தார்.

"கண்ணாடியைத் திறக்காதை," என்றார். "தடிமன் பிடிக்கும்."

அவள் விசிறியைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.