விசைக்காரர் வீட்டுத் தோட்டாக்கள்

'டங்!' என்று ஒரு சத்தம். விசைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு காலித் தோட்டா வந்து விழுந்தது. கூரையில் ஓட்டை இல்லை, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தோட்டா ஐஸ் மாதிரி ஜில்லென்றிருந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டில் அவர் வடிவமைத்த துப்பாக்கி முதல் ஆளைக் கொன்றுவிட்டதாக மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது.

அந்தத் துப்பாக்கிக்கு ஊர் வைத்த பெயர் 'சோம்பேறி'. சேற்றில் போட்டு மிதித்தாலும் சுடும். துடைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம், குறி பார்க்கத் தெரியாதவனும் சுடலாம். விசையை அவ்வளவு லேசாகச் செய்ததால்தான் அவர் விசைக்காரர். சில நாடுகள் சோம்பேறியைக் கொடியில் போட்டுக்கொண்டன, சில நாடுகள் தபால்தலையில். உலகத்தில் எங்கே யார் அதனால் செத்தாலும் தோட்டா இந்த மேஜைக்கு வந்தது. போர்க்காலங்களில் விசைக்காரரும் மனைவியும் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பழைய பித்தளைக்காரர் வாரம் தவறாமல் வந்து மூட்டை கட்டிப் போனார். ஊரிலுள்ள குழாய்கள், கதவுக் கைப்பிடிகள், பள்ளிக்கூட மணி எல்லாம் அந்தப் பித்தளைதான். யாரும் முகம் சுளிக்கவில்லை; பளபளவென்று நன்றாகவே இருந்தன.

வருஷங்கள் போகப் போகத் தோட்டாக்கள் வெதுவெதுப்பாக விழ ஆரம்பித்தன. காரணத்தை முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். "தூரத்துல செத்தா ஜில்லுனு விழுது. கிட்ட வர வரச் சூடு ஏறுது. அடுப்படியில நிக்கிறவளுக்குச் சூடு தெரியாதா?" பக்கத்து நாட்டுக் கலவரத்தில் தோட்டா ஆறின காபி மாதிரி இருந்தது. பக்கத்து ஊர் வங்கிக் கொள்ளையில் பொறுக்குவதற்குக் கைத்துணி தேவைப்பட்டது. அதன்பிறகு அவள் மேஜையடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தாள்.

அப்போதுதான் அவர்களுடைய ஒரே மகள், பின் தெருவில் வாழ்க்கைப்பட்டவள், அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் கோபம் வந்தால் இப்போதெல்லாம் கத்துவதில்லையாம். சோம்பேறியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சமைத்து முடிக்கும்வரை சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறானாம். அது கல்யாணத்துக்கு மாமனார் கையால் கொடுத்த பரிசு.

"ஏங்க, போய் அதை வாங்கிட்டு வந்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்டா மாப்பிள்ளை என்ன நினைப்பார்? மரியாதையா இருக்குமா?"

"உங்க மரியாதைய மேஜையில வைக்க இடமில்ல. தள்ளுங்க, சாப்பாடு போடணும்."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த வாரம் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு மத்தியானம் தோட்டா விழுந்த இடத்தில் மேஜை விரிப்பு புகைந்தது. மனைவி இடுக்கியால் எடுத்தபோது அது செக்கச்செவேலென்று கனன்றது. இவ்வளவு சூடாக ஒன்று அதுவரை விழுந்ததில்லை. விசைக்காரர் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி, கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். கதவு வெளியிலிருந்தே திறந்தது. மகள் நின்றாள், முழுசாக. அம்மா அவள் தலையையும் தோளையும் வயிற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள்; பிறகு பழக்க தோஷத்தில் தோட்டாவை வாளியில் போட்டாள். 'சொய்ங்' என்றது.

மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இனிமே நீங்க அவர்கிட்ட எதையும் திருப்பிக் கேக்க வேண்டாம்ப்பா."