இருபத்தொரு புள்ளிகள்

தங்கச்சிமடம் பள்ளியின் ஸ்மார்ட் போர்டில் கடல் வரைபடத்தைத் திறந்தாள் நாகஜோதி டீச்சர். கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் கடலாடியில் வயல் வரப்பைத் தவிர வேறு எல்லை தெரியாமல் வளர்ந்தவள்.

"உங்க அப்பா எங்கன வலை போடுறாகளோ, அங்கன புள்ளி வச்சுப் படகு நம்பரையும் எழுதுங்க."

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசையாக டேப்லெட்டைத் தொட்டார்கள். போர்டில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. இருபத்தொன்றும் எல்லைக்கோட்டைத் தாண்டி, இலங்கைப் பக்கம்.

ஜெனிட்டா மட்டும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ஏன்டி, நீ வைக்கல?"

"கோட்டுக்கு அங்கிட்டுப் போறத வெளிய சொல்லக் கூடாது டீச்சர். இலங்கை நேவிக்குத் தெரிஞ்சா ஆளையும் படகையும் புடிச்சிட்டுப் போயிருவாக. இன்னைக்கும் எல்லாரும் அங்கனதான் போயிருக்காக."

நாகஜோதி அவசரமாக எல்லாவற்றையும் அழித்தாள். பிறகுதான் உறைத்தது. நேரலையில் பார்க்கலாம் என்று அந்தப் பாடத்தின் லிங்க்கைக் காலையில் அவளே பெருமையோடு நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண்ணிலிருந்து அதே வரைபடம், புள்ளிகளோடும் படகு எண்களோடும் வந்திருந்தது. அதன் கீழே ஒரு வரி:

"அருமையான பாடம் டீச்சர். இந்தப் படகெல்லாம் இன்னைக்கு எத்தனை மணிக்குத் திரும்பும்?"