பிள்ளை பிடிக்கும் வாரம்

எங்கள் கல்லூரியின் விளம்பரத்தில் கடல் உண்டு. அலை, வெள்ளை மணல், புத்தகத்தோடு சிரிக்கிற இரண்டு பெண்கள். நேரில் வந்து பார்த்தால் கீழே கட்டில் மெத்தைக் கடை, மேலே மூன்று மாடி நாங்கள். கடலைப் பார்க்க மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி எக்கிப் பார்க்க வேண்டும். கடலால் எங்களுக்கு வந்ததெல்லாம் உப்புக்காற்று ஒன்றுதான். வாசல் கேட்டை அது அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

கல்லூரி திறக்கும் முன் அந்தக் கேட்டடியில் நின்று வாத்தியார்கள் நாங்கள் பிள்ளை பிடிக்க வேண்டும். பாடம் நடத்தத்தான் வேலைக்கு வந்தேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைங்க இருந்தாத்தானே மேடம் பாடம்?" என்றார் பிரின்சிபால். முதலாளியின் மச்சான். வாயடிக்க அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்த முறை நேராகவே சொல்லிவிட்டார்.

"கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும் மேடம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சேரலைன்னா டிபார்ட்மென்ட்டையே மூடிடுவோம். நீங்களும் வேற இடம் பாத்துக்கோங்க."

வேற இடமாம்! என் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். இந்த வயதில் எவன் எனக்கு வேலையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்?

கேட்டுக்கு மறுபக்கம் நின்றான் காமர்ஸ் வாத்தியார். எந்நேரமும் இளிப்பதால் பல்லழகன் என்று பெயர் வைத்திருந்தோம். நான் ஆட்டோவிலிருந்து இறக்கிக் கூட்டிவந்த ஒரு பையனை, பேனா எடுக்கத் திரும்பிய நேரத்தில் தன் பக்கம் தள்ளிக்கொண்டு போனவன். கேட்டால், "பையன் இஷ்டம் மேடம்" என்று இளித்தான். அவன் மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்று நினைத்தேன். தினமும் முழித்தேன்.

ஆனால் எனக்கு ஒரு ஆள் உறுதி. எங்கள் தெருத் தையற்காரியின் மகள், கணக்கில் புலி. முந்தாநாள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாயிடம் பேசினேன். லைப்ரரி அவ்வளவு பெருசு என்றேன். அது பூட்டிக் கிடக்கும் அறை, உள்ளே உடைந்த நாற்காலிகள். படிப்பு முடிந்ததும் வேலை கையில் என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை. "நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

என் மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர்ந்தும் ஆயிற்று. எங்கள் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவளை வளர்த்தேன்.

மறுநாள் மதியம் பிரின்சிபால் மேலே கூப்பிட்டு இன்னொரு வாட்டி வாங்கு வாங்கென்று வாங்கினார். வயிற்றெரிச்சலோடு இறங்கி வந்து அட்மிஷன் அறைக்குள் நுழைந்தால், பல்லழகன் மேசைக்கு முன்னால் என் மகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், இங்க என்னடி பண்றே?"

திடுக்கிட்டு எழுந்தாள். "நேத்து சித்திகிட்ட ஃபோன்ல அழுதியேம்மா. ஒரே ஒரு ஆள் சேந்தா உன் வேலை நிக்கும்னு. அதான் அங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வரலாம்னு... சார்தான் கேட்ல நின்னாரு. அம்மாவுக்காக வந்தேன்னேன். இங்க கையெழுத்துப் போட்டாப் போதும்னாரு."

விண்ணப்பப் பாரத்தை எட்டிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் காமர்ஸ்.

"அடப்பாவி! என் பொண்ணுன்னு தெரிஞ்சுமா?"

"பிள்ளை இஷ்டம் மேடம்," என்று இளித்தான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பாரத்தைப் பிடுங்கி நார் நாராகக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்தேன். "என் பொண்ணை இந்தப் பாழுங்கிணத்துல தள்ளப் பாக்குறியா? லைப்ரரி கிடையாது, லேப் கிடையாது, பாதி வகுப்புக்கு வாத்தியாரே கிடையாது! என் உசுரே போனாலும் என் பொண்ணை இங்க சேக்க மாட்டேன்டா!"

அப்போதுதான் சுவரோர பெஞ்சைப் பார்த்தேன். தையற்காரி. வெளியே போகக் கட்டும் நல்ல புடவை, மடியில் சான்றிதழ்ப் பை, பக்கத்தில் மகள். வந்து நேரமாகியிருக்க வேண்டும்.

அவள் மெதுவாக எழுந்தாள். "உங்க பொண்ணு மட்டும்தான் பொண்ணா டீச்சர்?"

"கூட்டிட்டுப் போயிடுங்க," என்றேன். "இங்க வேண்டாம்."

"எங்க போக? அரசுக் காலேஜ்ல எங்களையும் கூப்பிட்டாங்க. நேத்தோட கடைசி. உங்க பேச்சைக் கேட்டுத்தான் போகாம விட்டேன். இனிமே யாரு எடுப்பா இவளை?" குரல் உயரவே இல்லை. "நல்லா இருப்பீங்களா நீங்க?"

என் மகள் என் கையைப் பிடித்தாள். உதறினேன். அவளைப் பார்க்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

தையற்காரி தன் மகளை இழுத்துக்கொண்டு என்னைக் கடந்துபோய், என் மகள் எழுந்த அதே நாற்காலியில் உட்காரவைத்தாள். பல்லழகன் அவசரமாகப் புதுப் பாரம் ஒன்றை எடுத்தான்.

"என்ன கோர்ஸ்மா?"

"கணக்குதான் சார் ஆசைப்பட்டா," என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே. "வேண்டாம். இந்தம்மா இல்லாத எதையாவது போடுங்க."